காரணம் முன்னா, விளைவு முன்னா? ஆங்கில ஃபிரேசல் வெர்ப் பழக நெல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்கள், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதும் நர்சுகள், கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் சேர்ந்து மெஷின் ஏன் நின்றது என்று ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டியவர்கள், இந்த மூன்று தரப்புக்கும் இடறுகிற இடம் ஒன்றுதான். இதனால் இது நடந்தது என்று சொல்ல வேண்டும். கையில் இருப்பதோ 'பிகாஸ்' ஒன்றுதான். ஒரு பக்கம் எழுதுவதற்குள் அதுவே ஆறேழு தடவை வந்துவிடும். திருத்துகிறவர் சொல்வளம் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்.

இதற்குக் கைகொடுப்பவை ஃபிரேசல் வெர்ப், அதாவது வினையோடு 'டு', 'இன்', 'ஆஃப்' மாதிரி ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தருபவை. நான் படித்த கோச்சிங் சென்டரில் அப்படி இருநூறை ஏ முதல் இசட் வரை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் போட்டிருந்தது. வினைக்கு முன்னால் காரணம் வருமா, விளைவு வருமா என்று ஒரு வரிகூட இல்லை. அதைத் தனியாகப் பிரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்பக் காலம் பிடித்தது. பாளையங்கோட்டையிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் அம்பையிலிருந்தும் இதே வழியில் வருகிறவர்களுக்காவது அந்தக் காலம் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரண விளைவுக்கு இருநூறு தேவையில்லை, பன்னிரண்டு போதும். வாய்விட்டுப் படிக்க வசதியாக ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில், ஸ்பெல்லிங் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

1. படிப்புக்கு முன்னால் பாஸ்போர்ட்

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ் எழுதப் பாஸ்போர்ட்தான் அடையாள ஆவணம், ஆதார் செல்லாது. பதியும்போதும் அதன் எண் வேண்டும், தேர்வு நாளில் ஒரிஜினலும் கையில் வேண்டும். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கட்டாயம் கொண்டுபோங்கள். அதைக் காட்டினால் குடியேற்ற அனுமதி தேவைப்படாத வகைப் பாஸ்போர்ட் கிடைக்கும்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் வருகிற சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். தேர்வுக்குப் பதியும்போதும் பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில் பெயர் இருக்கிறதோ அதே வரிசையில் கொடுக்க வேண்டும். மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரும் வரைக்கும் காத்திருக்காமல், கீழே உள்ள படிப்பைத் தொடங்கிவிடலாம்.

2. தமிழ் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்

எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"மழ பெஞ்சு ரோட்டுல தண்ணி கெட்டிட்டு, பஸ்ஸு சுத்திப் போவுது." இப்படித்தான் நாம் பேசுவோம். இதில் 'ஆகையால்' இல்லை, 'ஏனென்றால்' இல்லை. 'பெஞ்சு' என்கிற எச்சமே காரணத்தைச் சுமந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த எச்சத்துக்கு நேர் கிடையாது. அதனால் மனதில் தமிழ் ஓடும்போது காரணம் எங்கே முடிகிறது, விளைவு எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாமலே ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறோம். நடுவில் தடுமாறி, மறுபடி 'பிகாஸ்' போடுகிறோம்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் காரணம், வலது பக்கம் விளைவு. மேலே உள்ள வாக்கியத்தில் இடது பக்கம் மழை. வலது பக்கம் பஸ் சுற்றிப் போவது. தண்ணீர் கட்டியது இரண்டு பக்கமும் வரும். மழைக்கு அது விளைவு, பஸ் சுற்றியதற்கு அது காரணம்.

அடுத்த வேலை, இரண்டு பக்கத்தையும் பெயர்ச்சொல்லாக மாற்றுவது. இதைச் செய்யாமல் எந்த ஃபிரேசல் வெர்ப்பைப் போட்டாலும் உட்காராது. 'மழை பெய்தது' என்பது 'த ஹெவி ரெய்ன்' ஆக வேண்டும். 'பஸ் சுற்றிப் போனது' என்பது 'த டைவர்ஷன் ஆஃப் பஸ்ஸஸ்' ஆக வேண்டும். 'தாமதமானது' என்றால் 'டிலே', 'மூடினார்கள்' என்றால் 'குளோஷர்', 'ரத்து செய்தார்கள்' என்றால் 'கேன்சலேஷன்', 'போதாமல் போனது' என்றால் 'ஷார்டேஜ்', 'பரவியது' என்றால் 'ஸ்ப்ரெட்'. இப்படி ஒரு முப்பது சேர்த்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 'டியூ டு இட் ரெய்ன்ட்' என்ற பிழை நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படும். அது பெயர்ச்சொல்லாக மாற்றாததால் வருவது. 'டியூ டு த ரெய்ன்' என்றால் சரி.

3. காரணத்தில் தொடங்கும் ஐந்து

லீட் டு, ரிசல்ட் இன், பிரிங் அபவுட், பிரிங் ஆன், செட் ஆஃப். இந்த ஐந்துக்கும் இடது பக்கம் காரணம், வலது பக்கம் விளைவு. ஒருவழிச் சாலை மாதிரி, எதிர்ப்பக்கம் போக முடியாது.

தமிழில் 'மழையால்', 'மழை பெய்து' என்று மனதில் வந்தால் இந்த ஐந்தில் ஒன்றை எடுங்கள். நாம் இயல்பாகப் பேசும் வரிசையும் இதுதான் என்பதால் முதல் இரண்டு வாரம் இவற்றை மட்டும் பழகுங்கள்.

நமக்கெல்லாம் மறக்காத ஒன்றை வைத்தே பார்ப்போம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

மழையால் வெள்ளம் வந்தது: "த ஹெவி ரெய்ன் லெட் டு ஃபிளட்டிங்." வெள்ளத்தால் பாதை சேதமானது: "த ஃபிளட் ரிசல்டெட் இன் டேமேஜ் டு த டிராக்." இரண்டுக்கும் பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. நடுவில் இன்னும் சில கட்டங்கள் இருக்கும் என்று தோன்றினால் 'லீட் டு', உடனடியாக வந்த முடிவு என்றால் 'ரிசல்ட் இன்' போடுவது என் வழக்கம்.

மற்ற மூன்றுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. 'பிரிங் அபவுட்' பெரும்பாலும் ஒரு மாற்றத்தைக் கொண்டுவருவதற்கு. சட்டம், திட்டம், கல்வி இவையெல்லாம் மாற்றத்தை 'பிரிங் அபவுட்' செய்யும். ரோட்டு விபத்துக்கு அதைப் போட்டால் ஒட்டாது. 'பிரிங் ஆன்' நோய்க்கும் வலிக்கும் உரியது. ஓஇடி எழுதும் நர்சுகள் இதை விடாதீர்கள்: வேலை செய்யும்போது வருகிற நெஞ்சுவலியை "செஸ்ட் பெயின் பிராட் ஆன் பை எக்ஸெர்ஷன்" என்று ரெஃபரல் லெட்டரில் எழுதுவது டாக்டர்களும் எழுதுகிற நடை. 'செட் ஆஃப்' ஒன்றைக் கிளப்பிவிடுவதற்கு: "த ஸ்மோக் செட் ஆஃப் த அலார்ம்." இதே 'செட் ஆஃப்' பயணம் கிளம்புவதையும் குறிக்கும். லிசனிங்கில் 'வீ செட் ஆஃப் ஃபார் குற்றாலம்' என்று வந்தால் அங்கே காரணமும் இல்லை, விளைவும் இல்லை.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது ஸ்பெல்லிங். 'லீட்' இறந்த காலத்தில் 'லெட்'. எல், இ, டி என்று மூன்றே எழுத்து. ஈயத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அதே ஒலிதான், அதன் ஸ்பெல்லிங் கைக்கு வந்துவிடும், ஜாக்கிரதை. இரண்டாவது, 'வாஸ் ரிசல்டெட் இன்'. நம் ஆபீஸ் ரிப்போர்ட்டுகளில் இது நிறைந்து கிடக்கிறது. 'ரிசல்ட்' செயப்பாட்டு வினையாக வராது. 'வாஸ்' எடுத்துவிட்டு 'ரிசல்டெட் இன்' என்று மட்டும் எழுதுங்கள்.

4. விளைவில் தொடங்கும் மூன்று

ரிசல்ட் ஃப்ரம், ஸ்டெம் ஃப்ரம், அரைஸ் ஃப்ரம். இவற்றில் வரிசை தலைகீழ். "த டேமேஜ் ரிசல்டெட் ஃப்ரம் த ஃபிளட்." சேதம் முதலில், வெள்ளம் பிறகு.

எப்போது இதை எடுப்பது? தமிழில் 'ரயில் நின்றதற்குக் காரணம்...' என்று வாக்கியம் தொடங்கினால் இந்த மூன்றில் ஒன்று. '-க்குக் காரணம்' என்பதுதான் அடையாளம். ஆலை ரிப்போர்ட்டுகளுக்கு இந்த வரிசைதான் பொருந்தும், ஏனென்றால் மேனேஜருக்கு முதலில் என்ன நின்றது என்று தெரிய வேண்டும், ஏன் என்பது அடுத்துதான்: "த பிரேக்டௌன் ஸ்டெம்டு ஃப்ரம் அ வோர்ன் பேரிங்."

'ஸ்டெம் ஃப்ரம்' வேர் ஆழத்தில் இருக்கிற காரணத்துக்கு நன்றாக இருக்கும். 'அரைஸ் ஃப்ரம்' பிரச்சினை, தகராறு, சந்தேகம் போன்றவற்றுக்கு. இறந்த காலம் 'அரோஸ்'.

'இன்', 'ஃப்ரம்' மாறிப்போனால் இலக்கணப் பிழை என்று யாருக்கும் தெரியாது. வாக்கியம் அழகாகவே இருக்கும், பொருள் மட்டும் கவிழ்ந்துவிடும். 'த ஃபிளட் ரிசல்டெட் ஃப்ரம் த டேமேஜ்' என்றால் சேதத்தால் வெள்ளம் வந்தது என்று ஆகிவிடும். அதனால்தான் இதை மற்ற எல்லாப் பிழைகளையும்விட ஆபத்தானது என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததும் இந்த இரண்டு சொல்லை மட்டும் தேடி, இடது பக்கம் இருப்பது காரணமா விளைவா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

5. 'டு' வந்தாலே வினைச்சொல் போடாதீர்கள்

'டு' என்றாலே அடுத்து வினை என்று பள்ளியில் பழகிவிட்டோம். 'லீட் டு'வில் இருக்கும் 'டு' அந்த ரகம் இல்லை. 'லெட் டு கேன்சல் த டிரெயின்' தவறு. 'லெட் டு த கேன்சலேஷன் ஆஃப் த டிரெயின்' அல்லது 'லெட் டு த டிரெயின் பீயிங் கேன்சல்டு' சரி. நடுவில் ஆள் வந்தால் மட்டும் வினை வரலாம்: "திஸ் லெட் மீ டு பிலீவ்." இது வேறு அமைப்பு, இரண்டையும் கலக்காதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை, 'காஸ்' என்ற வினையோடு தேவையில்லாமல் 'டு' சேர்ப்பது. 'த ரெய்ன் காஸ்டு டு ஃபிளட்' வேண்டாம். 'காஸ்டு அ ஃபிளட்' போதும்.

6. 'இட்' எங்கே உட்காரும்?

செட் ஆஃப், பிரிங் அபவுட், பிரிங் ஆன் மூன்றும் பிரியும். பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். 'இட்', 'தெம்' என்றால் நடுவில் மட்டும்தான்: 'செட் இட் ஆஃப்'. 'செட் ஆஃப் இட்' கிடையாது. லீட் டு, ரிசல்ட் இன், ஃப்ரம் முடிவுள்ளவை எதுவும் பிரியாது.

பேசும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பிரியக்கூடியவற்றில் அழுத்தம் கடைசிச் சொல்லில் விழும்: செட் ஆஃப், பிரிங் ஆன். பிரியாதவற்றில் வினையில் விழும்: லீட் டு, ரிசல்ட் இன்.

7. முழுக் காரணமா, பங்கா, ஒருவர் சொன்னதா?

தென்மேற்குப் பருவமழை வலுவாக இல்லை, பாபநாசம் அணையைத் தாமதமாகத் திறந்தார்கள், கார் சாகுபடி பின்தங்கியது என்று வைத்துக்கொள்வோம். மழை மட்டுமா காரணம்? விதை, கூலி ஆள், கால்வாய் தூர் வாராதது என்று பல இருக்கும். அப்போது 'லீட் டு' போட்டால் முழுப் பழியும் மழை மேல் விழுகிறது. 'காண்ட்ரிப்யூட் டு' போடுங்கள், இதற்கும் ஒரு பங்கு உண்டு என்ற பொருள் வரும். ஐஇஎல்டிஎஸ் இரண்டாவது கட்டுரையில் கேட்கும் சமூகப் பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம் கிடையாது. அங்கே இந்தச் சொல் உங்கள் வாதத்தையே நேர்மையாக்கும். இந்த 'டு'வும் ஐந்தாம் படியில் சொன்ன ரகம்தான்.

காரணத்தை நீங்கள் சொல்லவில்லை, வேறு யாரோ சொன்னார்கள் என்றால் 'புட் டௌன் டு': "தே புட் த டிலே டௌன் டு த ரெய்ன்." ஆலை ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் சொன்னதை உங்கள் கருத்தாக எழுதி மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும். 'அக்கவுண்ட் ஃபார்' ஒன்றை விளக்கப் போதுமான காரணம் என்று பொருள் தரும்: "த லேட் ரெயின்ஸ் அக்கவுண்ட் ஃபார் த டிலே." கிராஃப் பற்றி எழுதும்போது அதே சொல் 'இத்தனை சதவீதம்' என்ற பொருளில் வரும், அங்கே காரணத்துக்கு இடமில்லை.

8. எண்ட் அப்

நினைத்தது ஒன்று, போய் நின்றது வேறு இடம் என்றால் 'எண்ட் அப்'. "அல்வாக் கட கூட்டத்துல நின்னு பஸ்ஸ விட்டுட்டேன்" என்பதை "ஐ ஸ்டாப்டு அட் த அல்வா ஷாப் அண்ட் எண்டெட் அப் மிஸ்ஸிங் த பஸ்" என்று சொல்லலாம். அடுத்து வரும் வினை 'இங்' முடிவில் இருக்க வேண்டும், 'எண்டெட் அப் டு மிஸ்' வராது. ஸ்ரீவைகுண்டம் பயணிகளுக்கு: "தே எண்டெட் அப் ஸ்டிராண்டட் அட் த ஸ்டேஷன்." ஸ்பீக்கிங்கில் இது நன்றாக எடுபடும். கட்டுரையில் அளவோடு.

பொதுவாக எண்ட் அப், செட் ஆஃப், பிரிங் ஆன், புட் டௌன் டு பேச்சுக்கு நெருக்கமானவை. மற்றவை எழுத்துக்கு. பிரிங் அபவுட் இரண்டுக்கும் பொருந்தும்.

9. முதல் கட்டுரையில் காரணம் தேடாதீர்கள்

ஐஇஎல்டிஎஸ்ஸில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் தேர்வின் முதல் கட்டுரையில் கிராஃப் அல்லது டேபிள் கொடுப்பார்கள், 150 சொல்லுக்குக் குறையக் கூடாது. காரண விளைவைப் பழகிய உற்சாகத்தில், கோடு ஏன் கீழே இறங்கியது என்று விளக்கத் தொடங்கிவிடுவோம். அங்கே படத்தில் இருப்பதை மட்டும்தான் எழுத வேண்டும். காரணம் எழுதினால் கேட்காததை எழுதியதாகவே ஆகும்.

காரணத்துக்கு இடம் இரண்டாவது கட்டுரை. 250 சொல், ஒதுக்க வேண்டியது 40 நிமிடம். முதலாவதைவிட இதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. கட்டுரை முழுவதற்கும் இந்தப் பன்னிரண்டில் நான்கைந்து போதும். வரிக்கு வரி திணித்தால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். ஸ்பீக்கிங் மொத்தம் 11 முதல் 14 நிமிடம். அதில் மூன்றாம் பகுதியில் 'ஏன்' கேள்விகள் வரிசையாக வரும், அங்கே எடுங்கள்.

10. ஆறு வாரம், செலவு, தேதி

முதல் இரண்டு வாரம் காரணத்தில் தொடங்கும் ஐந்து. மூன்றாவது வாரம் ஃப்ரம் மூன்று. நான்காவது வாரம் மீதி நான்கு. ஐந்தும் ஆறும் கட்டுரை எழுதித் திருத்த. தினமும் அரை மணி நேரம் போதும். காலையில் ஒரு உள்ளூர்ச் செய்தியை எடுங்கள்: குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அதைக் கோட்டுக்கு இரு பக்கமும் பிரித்து, ஒருமுறை காரணத்திலிருந்தும் ஒருமுறை விளைவிலிருந்தும் எழுதுங்கள்: "ஃபிளட்டிங் அட் த மெயின் ஃபால்ஸ் ரிசல்டெட் இன் அ பேன் ஆன் பேதிங்." "த பேன் ரிசல்டெட் ஃப்ரம் ஃபிளட்டிங்." இந்தத் திருப்பிப் போடும் பயிற்சி ஒன்றுக்கே மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன்.

செலவு பெரிதாக இல்லை. ஒரு லாங் சைஸ் நோட்டு. கற்போருக்கான ஆங்கில அகராதிகள் இணையத்தில் இலவசம். அதில் ஒவ்வொரு ஃபிரேசல் வெர்ப்புக்கும் பிரியுமா பிரியாதா என்றும் காட்டியிருக்கும். ஆங்கிலப் பேப்பர் வாங்க வசதி இல்லையென்றால் பொது நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். திருத்தித் தர ஒருவர் அவசியம். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத் துறையில் எம்.ஏ. படிக்கிற அக்கா, அண்ணன் யாரிடமாவது வாரம் ஒரு கட்டுரையைக் காட்டுங்கள். "இன், ஃப்ரம் மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகத் திருத்தச் சொன்னால் கமாவில் நின்றுவிடுவார்கள்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வுக் கட்டணம்தான் பெரிய செலவு. 16,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, கூடிக்கொண்டும் போகிறது, பதிகிற அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மையம் எந்த ஊர் என்பதையும் அப்போதே பாருங்கள். மதுரை என்று விழுந்தால் காலைத் தேர்வுக்கு முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது, அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள். கணினித் தேர்வென்றால் சில நாட்களில் ரிசல்ட் வரும். எத்தனை சொல் எழுதியிருக்கிறீர்கள் என்று திரையிலேயே காட்டுவது ஒரு வசதி. ரைட்டிங் மட்டும் குறைந்துவிட்டால், கணினித் தேர்வு எழுதியவர்கள் 60 நாளுக்குள் அந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுத வழி இருக்கிறது. ஆனால் எல்லா நாடும் எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை, பணம் கட்டும் முன் நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுவிடுங்கள். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். விண்ணப்ப மாதத்தைப் பார்த்து அதற்கேற்பத் தேதி எடுங்கள்.